உணவுக்கு முன்

ஏழே காலுக்கு முன்னால்
குத்தாயிசியில் மஞ்சள் நிறத்தை நம்ப முடியாது.
காத்திருக்கிறேன், தூரிகை கையில்,
காப்பி ஆறுகிறது.
எதிர்வீட்டுத் தகரக் கூரை முதலில் ஈயமாகிறது,
பிறகு தகரமாகிறது.
இனித் தொடங்கலாம்.

மருந்துக்கடையில் தூக்கிப் போடும் அட்டைப்பெட்டிகளை
உள்ளங்கை அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறேன்.
நாளுக்கு ஒன்று. இன்றைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.
வெள்ளையை எத்தனை தடவை பூசினாலும்
அடியிலிருந்து எழுத்து எட்டிப் பார்க்கிறது:
தினம் ஒரு வேளை, உணவுக்குப் பின்.
நான் உணவுக்கு முன் எடுத்துக்கொள்கிறேன்.
பலன் தெரிகிறதா என்பாள் நாத்தனார் சியாலா.
பக்கவிளைவு தெரிகிறது:
நகக்கண்ணில் பச்சை, சம்பளத்தில் ஓட்டை.

மே மாதம் கூரை ஒழுகி
நாற்பது அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
பிரித்தபோது
ஒரு மின்விளக்கின் மேல் பாதி வெங்காயம் வந்திருந்தது.
நான் செய்ததிலேயே நல்ல படம் அதுதான்.
என் பங்கு அதில் குறைவு.

பத்து நாளாக மூன்று பேரிக்காய்.
முதல் நாள் காய்கள் அழகு, படம் மோசம்.
நான்காம் நாள் நடுக்காயின் இடுப்பு பிடிபட்டது,
காம்பு பிடிபடவில்லை.
ஆறாம் நாள் மழை, மின்சாரம் இல்லை;
அன்றைய அட்டையில் இருப்பவை மூன்று எலிகள்
என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.
எட்டாம் நாள் ஒரு பழுப்புப் புள்ளி வந்தது, கடுகளவு.
அதை நினைத்து இரவெல்லாம் சந்தோஷமாக இருந்தேன்.
சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நேற்று அடுப்புக் குழாய் பார்க்க ஒதியா வந்தான்.
பழைய குழாயைத் தேடி நான் கொல்லைக்குப் போன நேரத்தில்
நடுக்காயைத் தின்றிருக்கிறான்.
புள்ளியோடு.
"கனிந்துபோச்சு மக்வாலா, இன்னும் ரெண்டு நாள் விட்டா வீண்"
என்றான், மீசையைத் துடைத்தபடி.
பத்து நாள் பார்த்தும்
அது இனிப்பா என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.
கத்தினேன். பிறகு கூலி கொடுத்தேன்.
தட்டின் ஓரத்தில் கொட்டைப் பகுதி கிடந்தது,
பல் பட்ட இடமெல்லாம் துருவேறி,
காம்பு மட்டும் அப்படியே.

சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பவை வேறு.
ரியோனி ஆறு, நான்காவது வருடம்:
தண்ணீர் முடிந்தது, வெள்ளைக் கற்கள் முடிந்தன,
பாலத்துக்கு என்னிடம் நிறமில்லை.
அதுவரை யாரும் அக்கரை போக முடியாது.
சியாலாவின் முகம்: இடது காது வரை வந்திருந்தேன்,
அவள் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றாள்.
"படத்திலும் பூசிவிடேன்" என்கிறாள்.
அந்த நரைக்கு எனக்கு ஒன்பது வாரம் ஆனது.
குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்
என்று இவற்றின் முதுகிலும் அச்சிட வேண்டும்.
சில ஞாயிற்றுக்கிழமைகளில்
எனக்கும் எட்டாத இடத்தில்.

இன்று மேசையில் இரண்டு காய், நடுவே காலி.
காலியை வரையலாமா என்று யோசித்தேன்;
அது வெறும் கெட்டிக்காரத்தனம்.
கொட்டைப் பகுதியை எடுத்து நடுவில் நிறுத்தினேன்.
சாய்ந்தது.
ரொட்டித் துண்டால் முட்டுக்கொடுத்தேன்.
வெள்ளைக் குழாயை வாலிலிருந்து சுருட்டி
கதவிடுக்கில் வைத்து நசுக்கியதில்
ஓர் அரிசி அளவு வந்தது.
அதை எங்கே வைப்பது?
பல் தடத்தின் விளிம்பில்,
நேற்று ஈரம் இருந்திருக்கக்கூடிய இடத்தில்
வைத்தேன்.
சரியா, தெரியவில்லை.
காம்பு இன்னும் பொய்யாகத்தான் இருக்கிறது.

எட்டு நாற்பது.
பின்பக்கம் தேதி எழுதிவிட்டு
முட்டுக்கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டே ஓடினேன்.

கடைக்கு முதலில் வந்தவர்
சில்லறை எண்ணும் என் மணிக்கட்டைப் பார்த்து
"அயோடினா? அடி பட்டதா?" என்றார்.
"ஆமாம்" என்றேன்,
"சின்னதுதான்."